சுயநினைவு இருக்கிறதா, இல்லையா: எந்தப் பரிசோதனையைக் கேட்பது?

தலையில் பலத்த அடிபட்டோ, பக்கவாதம் வந்தோ, இதயம் நின்று மூளைக்கு ஆக்சிஜன் போகாமலோ கோமாவுக்குப் போனவர் சில வாரங்களில் கண்ணைத் திறக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது போல இருக்கும். அப்புறம் நாட்கள் ஓடுகின்றன. தூங்குகிறார், விழிக்கிறார், ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கையைப் பிடி என்றால் பிடிப்பதில்லை. "உள்ளுக்குள்ளே அவருக்குத் தெரிகிறதா, இல்லையா?" என்று கேட்டால் ஒரு மருத்துவர் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. பற்றிச் சொல்கிறார், இணையத்தில் தேடினால் பெட் ஸ்கேன், காந்தத் துடிப்பு என்று இன்னும் நாலு பெயர் வருகிறது. எதைக் கேட்பது என்று எழுதிக் கேட்கிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி பெற்ற ஒருவர் படுக்கையருகே, முறைப்படி, பல தடவை செய்யும் பரிசோதனை நடக்காமல் எந்த இயந்திரத்துக்கும் ஓடாதீர்கள். இயந்திரம் "இருக்கிறது" என்று சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்று சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏன் இப்படி ஒரு பக்கம் சாய்கிறேன் என்பது கீழே எண்களைப் பார்த்தால் புரியும்.

## எந்த நிலையைப் பற்றிப் பேசுகிறோம்

கோமா என்றால் கண்ணே திறக்காத நிலை. பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் போகாது. கண் திறந்து, தூக்கமும் விழிப்பும் திரும்பியும், அசைவெல்லாம் அனிச்சையாகவே இருந்தால் அது வெஜிடேட்டிவ் நிலை. 1972இல் ஜென்னட், பிளம் என்ற இரு மருத்துவர்கள் வைத்த பெயர் இது. கேட்கவே சங்கடமாக இருக்கிறது என்று 2010இல் ஒரு குழு "பதிலற்ற விழிப்பு நிலை" என்ற பெயரை முன்வைத்தது, இப்போது இரண்டும் புழங்குகின்றன. சில சமயம் சொன்னதைச் செய்கிறார், சில சமயம் கண் ஒரு பொருளைத் தொடர்கிறது, அடுத்த நிமிடம் ஒன்றுமில்லை என்றால் அது குறைந்தபட்ச நினைவு நிலை. இதற்கான வரையறை 2002இல்தான் வந்தது.

இவை தவிர இன்னொன்று உண்டு. படுக்கையருகே எந்த அறிகுறியும் இல்லை, ஆனால் "கையை அசைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றால் மூளை மட்டும் பதில் சொல்கிறது. நிக்கோலஸ் ஷிஃப் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் இதற்கு காக்னிட்டிவ் மோட்டார் டிஸ்ஸோசியேஷன் என்று பெயரிட்டார். இந்தக் கட்டுரையில் இதை "மறைந்த நினைவு" என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையையும் கிடைக்கிறதா என்பதையும் எல்லோரும் கேட்பார்கள், அது இடத்துக்கு இடம் மாறும். அதைவிட முக்கியமானவை இவை:

- நோயாளி ஒத்துழைக்க வேண்டுமா? காது கேட்க வேண்டும், மொழி புரிய வேண்டும், சில நிமிடம் கவனம் நிற்க வேண்டும் என்றால் அதில் ஒன்று பழுதானாலும் பரிசோதனை தோற்றுப்போகும்.
- "இருக்கிறது" என்ற முடிவை எவ்வளவு நம்பலாம்? "இல்லை" என்பதை எவ்வளவு நம்பலாம்? இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.
- திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா? இவர்களுடைய விழிப்பு காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கும்.
- அசையாமல் இருக்க மயக்க மருந்து தேவைப்படுமா, ஐ.சி.யூவை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டுமா?

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். தூக்கம் வரவைக்கும் மருந்துகள் எவ்வளவு போகின்றன, தொற்று இருக்கிறதா, வெளியே தெரியாத வலிப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா, மூளையில் நீர் தேங்கியிருக்கிறதா. இவை நினைவை அமுக்கிவைக்கும், சரிசெய்யவும் முடியும். முன்பு கண்ணாடியோ காதுக் கருவியோ போட்டவராக இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அற்ப விஷயம்தான், ஆனால் ஐ.சி.யூவில் முதலில் கழற்றி வைக்கப்பட்டு மறந்துபோகிற பொருள்களும் இவைதான்.

## படுக்கையருகே செய்வது: சி.ஆர்.எஸ்.-ஆர்

ஜியாசினோவும் கால்மாரும் வைட்டும் 2004இல் வெளியிட்ட அளவுகோல் இது. கேட்டல், பார்வை, அசைவு, வாய், தொடர்பு, விழிப்பு என்று 6 பகுதிகள், மொத்தம் 23 மதிப்பெண். கிளாஸ்கோ கோமா அளவுகோல் ஐ.சி.யூவில் எல்லோரும் எழுதுவதுதான், ஆனால் அது ஆபத்தை அளக்கப் பிறந்தது. இந்த நுணுக்கமான வேலைக்கு அது போதாது.

பார்ப்பதற்கு இது ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். முதலில் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து, அவர் தானாக என்னென்ன அசைவு செய்கிறார் என்று குறித்துக்கொள்வார்கள், ஏனென்றால் எப்போதும் கட்டை விரலை ஆட்டிக்கொண்டிருப்பவரிடம் "விரலை ஆட்டுங்கள்" என்று கேட்டு எந்தப் பயனும் இல்லை. கட்டளையை நாலு தடவை சொல்வார்கள், நாலில் மூன்று தடவையாவது சரியாக வர வேண்டும். கண் தொடர்கிறதா என்று பார்க்க ஒரு கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, அவர் தன் முகத்தைப் பார்க்கும்படி வைத்து, மெதுவாக இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்துவார்கள். வேறு பொருளையோ மனிதரையோ பின்தொடராத கண்கள்கூடத் தன் முகத்தைப் பின்தொடர்வது உண்டு என்று 2008இல் ஒரு ஆய்வு காட்டியது. பேனாவையும் டார்ச்சையும் ஆட்டிவிட்டு "கண் தொடரவில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களிடம் கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். நடுவில் கண் சொருகினால் முகம், கழுத்து, தோள் தசைகளை அழுத்தி விழிப்பூட்டிவிட்டுத் தொடர்வார்கள்.

இதன் அவசியத்தை இரண்டு ஆய்வுகள் காட்டின. 1996இல் லண்டனில், வெஜிடேட்டிவ் நிலை என்று அனுப்பப்பட்ட 40 பேரில் 17 பேருக்கு அந்த முடிவு தவறு என்று தெரிந்தது. அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலோர் பார்வை இல்லாதவர்கள் அல்லது பார்வை மிகவும் குறைந்தவர்கள். கண்ணை வைத்தே சோதித்தால் அவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? 2009இல் வந்த இன்னொரு ஆய்வில், மருத்துவக் குழு கூடிப் பேசி வெஜிடேட்டிவ் என்று முடிவு செய்த 44 பேரில் 18 பேருக்கு, அதாவது 41 சதவீதம் பேருக்கு, சி.ஆர்.எஸ்.-ஆர் செய்தபோது நினைவின் அறிகுறிகள் தெரிந்தன. எந்த ஸ்கேனும் இல்லாமல், முறையாகப் பார்த்ததாலேயே வந்த வித்தியாசம் இது.

இதன் மறைமுகச் செலவு, நேரம். ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தினால் சுமார் 36 சதவீதம் பேருக்குத் தவறான முடிவு வரக்கூடும், இரண்டு வாரத்துக்குள் 5 தடவையாவது செய்ய வேண்டும் என்று 2017இல் ஒரு குழு காட்டியது. "ஏற்கெனவே செய்தாச்சு" என்று யாராவது சொன்னால் எத்தனை தடவை, எந்த நேரத்தில், படுத்தபடியா உட்காரவைத்தா என்று கேளுங்கள். நேரமே இல்லை என்கிற இடத்தில் செகண்ட்ஸ் என்ற சின்ன அளவுகோல் இருக்கிறது, சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம், இது உடம்பின் பதிலை மட்டுமே பார்க்கிறது. கை கால் முழுக்கச் செயலிழந்தவர், மொழி புரியும் பகுதி அடிபட்டவர் எவ்வளவு தெளிவாக உள்ளே இருந்தாலும் இதில் தோற்றுப்போவார். இயந்திரங்கள் தேவைப்படுவது இங்கேதான்.

## இ.இ.ஜி.: ஒரே பெயரில் இரண்டு பரிசோதனைகள்

இந்தக் குழப்பத்தால் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். "இ.இ.ஜி. எடுத்தாச்சு, ஒன்றுமில்லை" என்றால் எந்த இ.இ.ஜி.?

சாதாரண இ.இ.ஜி., வெளியே தெரியாத வலிப்பு ஓடுகிறதா, சத்தத்துக்கும் தொடுதலுக்கும் அலை மாறுகிறதா, தூக்கத்தின் வடிவங்கள் திரும்பியிருக்கின்றனவா என்று பார்க்கும். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் "எனக்குப் புரிகிறது" என்று நோயாளி சொல்வதை இதில் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று கட்டளை இ.இ.ஜி. காதில் ஹெட்ஃபோன் வைத்து "வலது கையைத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள்", "நிறுத்துங்கள்" என்று மாற்றி மாற்றிச் சொல்வார்கள். கை அசையாது, ஆனால் இரண்டு கட்டளைகளுக்கும் மூளை அலை வேறுவேறாக இருக்கிறதா என்று கணினி தேடும். 2019இல் கிளாசென் குழு, சொன்னதைச் செய்யாத 104 ஐ.சி.யூ நோயாளிகளிடம் இதைச் செய்தது. 16 பேரிடம், அதாவது 15 சதவீதம் பேரிடம், மறைந்த நினைவு தெரிந்தது. ஒரு வருடம் கழித்து, குறைந்தது 8 மணி நேரமாவது துணையில்லாமல் இருக்கும் அளவுக்குத் தேறியவர்கள் இவர்களில் 44 சதவீதம், மற்றவர்களில் 14 சதவீதம்.

படுக்கையருகே கொண்டுவரலாம், மறுபடி மறுபடி செய்யலாம் என்பது இதன் பெரிய பலம். முகத் தசை துடித்தால், வியர்த்தால், மண்டையோட்டில் ஒரு பகுதி எடுக்கப்பட்டிருந்தால் அலைகள் குழம்பும். கணக்குப் போடுகிற முறையும் சண்டைக்குரியது. 2011இல் 16 பேரில் 3 பேருக்கு நினைவு இருக்கிறது என்று வந்த ஒரு முடிவை, 2013இல் வேறொரு குழு அதே தரவை எடுத்துக் கேள்விக்குள்ளாக்கியது. அந்த 2011 ஆய்வில், எந்தக் குறையும் இல்லாத 12 பேரில் 9 பேரிடம்தான் இயந்திரத்தால் பதிலைப் பிடிக்க முடிந்தது. மூன்று பேர் தெளிவாக உட்கார்ந்து முயற்சி செய்தும் இயந்திரத்துக்குத் தெரியவில்லை, இதை நினைவில் வையுங்கள்.

## எஃப்.எம்.ஆர்.ஐ.: பேர் பெற்றது, ஆனால்

2006இல் ஏட்ரியன் ஓவன் குழு, வெஜிடேட்டிவ் நிலை என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் விளையாடுவதாகவும், வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னபோது, அவருடைய மூளையில் ஆரோக்கியமானவர்களுக்கு ஒளிர்கிற அதே இடங்கள் ஒளிர்ந்தன. 2010இல் 54 பேரைச் சோதித்ததில் 5 பேரால் இப்படிச் செய்ய முடிந்தது. அவர்களில் ஒருவர் டென்னிஸ் ஒரு பதிலுக்கு, வீடு மறு பதிலுக்கு என்று வைத்துக்கொண்டு ஆம், இல்லை கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்த எந்தக் குடும்பமும் இந்த ஸ்கேனைத்தான் கேட்கும், தப்பே இல்லை. ஆனால் அதே நபரிடம் படுக்கையருகே எந்த விதத் தொடர்பையும் ஏற்படுத்த முடியவில்லை என்பது செய்தித் தலைப்புகளில் வராது.

காதைப் பிளக்கும் சத்தத்தில், குகை மாதிரிக் குழாய்க்குள், தலை அசையாமல், பல நிமிடம் கற்பனையைப் பிடித்துவைக்க வேண்டும். தலை ஆடினால் படம் வீண். ஆடாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்தால் எதைத் தேடிப் போனோமோ அதையே அணைத்துவிட்டுத் தேடுகிறோம். உடம்பில் சில உலோகங்களும் கருவிகளும் இருந்தால் உள்ளேயே விட மாட்டார்கள். வென்டிலேட்டரோடு இருப்பவரை இடம் மாற்றுவதில் உள்ள ஆபத்து தனி.

2024இல் வந்த பெரிய ஆய்வைப் பாருங்கள், எஃப்.எம்.ஆர்.ஐ., கட்டளை இ.இ.ஜி. இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ பயன்படுத்தி 353 பேரைச் சோதித்தார்கள். படுக்கையருகே சொன்னதைச் செய்யாத 241 பேரில் 60 பேரிடம், நாலில் ஒருவரிடம், மறைந்த நினைவு தெரிந்தது. நல்ல செய்தி. ஆனால் மறுபக்கத்தில், படுக்கையருகே சொன்னதைக் கண்ணெதிரே செய்த 112 பேரில் 43 பேர்தான் இயந்திரப் பரிசோதனையில் தேறினார்கள். மீதி 62 சதவீதம் பேருக்கு நினைவு இருப்பது எல்லோருக்கும் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியவில்லை. "இல்லை" என்ற முடிவை ஏன் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

## பெட் ஸ்கேன்

இங்கே நோயாளி எதையும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசி வழியாகச் செலுத்தி, மூளை எங்கெங்கே எவ்வளவு எரிக்கிறது என்று பார்க்கிறார்கள். 2014இல் பெல்ஜியத்தின் லியேஜ் குழு 126 பேரை வைத்து ஒப்பிட்டபோது, குறைந்தபட்ச நினைவு நிலையில் இருந்தவர்களைக் கண்டுபிடிப்பதில் பெட் 93 சதவீதம் சரி, கற்பனைக் கட்டளை எஃப்.எம்.ஆர்.ஐ. 45 சதவீதம்தான். படுக்கையருகே பதிலே இல்லாத 41 பேரில் 13 பேரிடம் நினைவுக்கு ஒத்துப்போகிற மூளைச் செயல்பாட்டை இரண்டில் ஒன்றாவது காட்டியது.

கதிரியக்கம் உண்டு, ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், ஐந்து நாள் ஐந்து தடவை என்று செய்ய முடியாது. நினைவுக்கு வேண்டிய எரிபொருள் எரிகிறதா என்பதை இது சொல்லும், அவர் என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்லாது. தொடர்பு ஏற்படுத்தும் வழியாக இதை எதிர்பார்க்க வேண்டாம்.

## காந்தத் துடிப்பும் இ.இ.ஜி.யும் சேர்ந்தது

மூளையின் மேற்பரப்பில் வெளியிலிருந்து ஒரு காந்தத் துடிப்பு கொடுத்து, அந்த அதிர்வு மூளைக்குள் எவ்வளவு சிக்கலாகப் பரவுகிறது என்று இ.இ.ஜி.யில் அளக்கிறார்கள். மிலானில் மாசிமினி குழு இதை வளர்த்தது, 0.31 என்ற எண்ணுக்கு மேல் போனால் நினைவு இருக்கிறது என்று 2016இல் கோடு போட்டார்கள். குறைந்தபட்ச நினைவு நிலையில் இருந்தவர்களில் 95 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது, வெஜிடேட்டிவ் என்று கருதப்பட்ட 43 பேரில் 9 பேரும் கோட்டுக்கு மேலே வந்தார்கள். காது, கண், மொழி, முயற்சி எதுவும் தேவையில்லை என்பதால் கொள்கையளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வு மையங்களில்தான் செய்கிறார்கள், வலிப்பு உள்ளவர்களுக்கும் தலைக்குள் உலோகம் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள்.

## ஒரே பார்வையில்

| பரிசோதனை | நோயாளி முயற்சி வேண்டுமா | "இருக்கிறது" என்றால் | "இல்லை" என்றால் | திரும்பச் செய்ய |
|---|---|---|---|---|
| சி.ஆர்.எஸ்.-ஆர், 5 தடவை | வேண்டும் | உறுதி | ஓரளவு நம்பலாம், உடல் முடக்கம் இல்லையென்றால் | எளிது |
| கட்டளை இ.இ.ஜி. | வேண்டும் | வலுவானது, கணக்கு முறையைப் பொறுத்தது | நம்ப முடியாது | எளிது |
| எஃப்.எம்.ஆர்.ஐ. | மிக அதிகம் | மிக வலுவானது | நம்ப முடியாது | கடினம் |
| பெட் ஸ்கேன் | வேண்டாம் | நல்ல சான்று | மற்றவற்றைவிட மேல், தனியாகப் போதாது | அரிது |
| காந்தத் துடிப்பு, இ.இ.ஜி. | வேண்டாம் | நல்ல சான்று | மற்றவற்றைவிட மேல், தனியாகப் போதாது | முடியும், மையம் கிடைத்தால் |

## எந்தச் சூழ்நிலைக்கு எது

முதல் சில வாரங்கள், ஐ.சி.யூ: படுக்கையருகே பரிசோதனையும் சாதாரண இ.இ.ஜி.யும். வசதி இருந்தால் அங்கேயே கட்டளை இ.இ.ஜி. இந்தக் கட்டத்தில் ஸ்கேனுக்கு அலைக்கழிப்பதைவிட மருந்துகளைக் குறைக்க முடியுமா என்று பேசுவது அதிகப் பயன் தரும். முதல் 28 நாட்களுக்குள் "இவர்களுக்கெல்லாம் இனி தேறாது" என்ற தொனியில் குடும்பத்திடம் பேசக் கூடாது என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2018 வழிகாட்டுதலில் மருத்துவர்களுக்கே சொல்லியிருக்கிறது. அப்படி யாராவது பேசினால் இதைச் சொல்லலாம்.

மாதங்கள் ஆகிவிட்டன, வெஜிடேட்டிவ் என்று எழுதியாச்சு: ஐந்து தடவை சி.ஆர்.எஸ்.-ஆர், அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் பெட். நிரந்தரம் என்ற சொல்லையே அதே 2018 வழிகாட்டுதல் கைவிட்டு, அடிபட்டவர்களுக்கு 12 மாதம், மற்ற காரணங்களுக்கு 3 மாதம் கழித்து "நாள்பட்ட" என்று சொல்லச் சொல்கிறது, ஏனென்றால் தாமதமாகத் தேறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காதோ மொழியோ அடிபட்டிருக்கிறது: கட்டளை சார்ந்த எதுவும் நியாயமாக இருக்காது. பெட், அல்லது காந்தத் துடிப்பு.

உங்களுக்குத் தெரிகிறது, மருத்துவர்களுக்குத் தெரியவில்லை: இது அடிக்கடி நடக்கிறது. நீங்கள் நாள் முழுக்க இருக்கிறீர்கள், அவர்கள் சில நிமிடங்கள் வருகிறார்கள். எந்த நேரத்தில், யார் குரலுக்கு, என்ன அசைவு என்று எழுதி வையுங்கள், போனில் வீடியோ எடுங்கள், நீங்கள் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிடமும் சேர்த்து எடுங்கள்; அந்த அசைவு தானாக வருவதா, பதிலா என்று அப்போதுதான் பிரிக்க முடியும். அந்த நேரத்துக்கே பரிசோதனையை வைக்கச் சொல்லுங்கள்.

## முடிவு கைக்கு வந்த பிறகு

"இருக்கிறது" என்று வந்தாலும் உடனே கொடுக்க ஒரு மந்திர மருந்து இல்லை. அடிபட்டு 4 முதல் 16 வாரங்களில் இருந்த 184 பேரிடம் அமன்டடின் என்ற மருந்து தேறும் வேகத்தைக் கூட்டியது என்று 2012இல் நிரூபித்தார்கள். ஆனால் அதைக் கேட்க ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சோல்பிடம் என்ற தூக்க மருந்தைக் கொடுத்து எழுந்து பேசியவர்களின் கதைகள் உண்மைதான், ஆனால் 84 பேரை வைத்துச் சோதித்தபோது பலன் கிடைத்தது 4 பேருக்கு. "இருக்கிறது" என்பதன் நேரடிப் பயன் வேறு: மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடரக் காரணம் கிடைக்கிறது, வலிக்கு மருந்து கொடுப்பதில் யாரும் அலட்சியம் காட்ட முடியாது, அவர் முன்னால் அவரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதும் மாறுகிறது.

ஆய்வு மையத்தில் சேர்க்கக் கையெழுத்து கேட்டால், முடிவைக் குடும்பத்துக்குச் சொல்வார்களா, யார் விளக்குவார்கள், ஒரு தடவைக்கு மேல் செய்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில ஆய்வுகளில் தனிப்பட்ட முடிவைச் சொல்வதே இல்லை.

"இல்லை" என்று வந்தால் அறிக்கையின் வாசகத்தைப் பாருங்கள். "சுயநினைவு இல்லை" என்று ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால் அடுத்த மருத்துவமனையிலும் அதுவே முடிவாக நிற்கும், பயிற்சியை நிறுத்துவதற்கும் அதையே காட்டுவார்கள். "இந்தத் தேதியில், இந்த மருந்துகள் போய்க்கொண்டிருந்தபோது, இந்தப் பரிசோதனையில் பதில் தெரியவில்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நடந்ததும் அவ்வளவுதான் என்பதால் நேர்மையான மருத்துவர் யாரும் இதற்கு மறுக்க மாட்டார், மறு பரிசோதனைக்கான தேதியையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.